போனின் வாயில் வைத்த பொட்டு

என் மடிக்கணினியில் லினக்ஸ் ஓடுவதற்குப் பெரிய கொள்கை எதுவும் காரணமில்லை. அது பழைய மெஷின். கோலசிலாங்கூரில் பழுது பார்க்கும் கடைக்காரர், வேறு எதைப் போட்டாலும் இழுத்துக்கொண்டு நிற்கும் என்று சொல்லி இதைப் போட்டுக் கொடுத்தார். நன்றாகத்தான் ஓடியது. ஒரே குறை, உள்ளே இருக்கும் வைஃபை சில்லு அதற்குப் பிடிபடவே இல்லை. புளூடூத்தும் அதே சில்லில் என்பதால் அதுவும் இல்லை. எங்கள் வீட்டு வரிசைக்கு இணைய வயர் இன்னும் வந்து சேராததால், போனையே மோடமாக வைத்துக்கொண்டேன். யூஎஸ்பி வயரின் ஒரு முனை போனில், மறுமுனை கணினியில். போனில் ஒரு பொத்தானைத் தட்டினால் திரையின் மேல்மூலையில் இணைப்புக் குறி வந்துவிடும்.

சுங்கை பூலோவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்து, ஆட்குறைப்பில் வீட்டுக்கு வந்தவள் நான். வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பா தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். சர்க்கரையில் இடது காலின் இரண்டு விரல்களை எடுத்தாகிவிட்டது. புண் ஆறவில்லை. கட்டு நனையக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் நான்தான் மாற்றிக் கட்டுவேன். கோலாலம்பூருக்குப் போனால் வேலை கிடைக்கும், ஆனால் அவரை யாரிடம் விட்டுப் போவது? அந்த நேரத்தில்தான், வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதும் வேலை ஒன்றுக்கு நேர்காணல் வந்தது. காலை பத்து மணிக்கு, இணையத்தில். கூடவே தட்டச்சுச் சோதனையும் உண்டு. அதைக் கணினியில்தான் செய்ய வேண்டும், போனை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது.

அந்த நாள் விஜயதசமியாக அமைந்தது. முதல் நாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் உழைக்கும் பொருள் எதுவானாலும் அதற்குச் சந்தனப் பொட்டு உண்டு: மோட்டார் சைக்கிள், பாராங் கத்தி, மண்வெட்டி, சோறு ஆக்கும் மின்சட்டி. சாமி முன்னால் வைத்ததை மறுநாள் காலை வரை தொடுவதில்லை. என் கணினியையும் போனையும் அப்பா கேட்டு வாங்கி வைத்தார். எனக்கு இதிலெல்லாம் பெரிய பிடிப்பு கிடையாது. இருந்தாலும் மறுநாள் நேர்காணலை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லத் துணிச்சல் வரவில்லை.

காலையில் எட்டரைக்கு வயரைச் செருகினேன். போன் சார்ஜ் ஏறியது. ஆனால் மோடமாக மாற்றும் பொத்தான் மங்கிக் கிடந்தது, தட்டினால் அசையவில்லை. செருகியிருக்கும் சாதனங்களின் பட்டியலைக் கணினியிடம் கேட்டேன். மவுஸ் இருந்தது, கேமரா இருந்தது, போன் இல்லை. முந்தாநாள் ஒரு அப்டேட் போட்டிருந்தேன். பழியை அதன்மேல் போட்டுப் லினக்ஸின் உட்கருவான கெர்னலின் பழைய பதிப்புக்குத் திரும்பினேன். பலனில்லை. வயரை மாற்றினேன். மூன்றாவதாக ஒரு வயரையும் போட்டுப் பார்த்தேன். ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. போனைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தபோதுதான், வயர் நுழையும் துளைக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

சந்தனம். சார்ஜ் ஏற்றும் தகடுகள் தப்பித்திருந்தன. தரவு போகும் மெல்லிய தகடுகளின்மேல் அது காய்ந்து ஒட்டியிருந்தது.

"இதுல யாருப்பா பொட்டு வைக்கச் சொன்னா ஒங்கள?"

"மூஞ்சில வச்சா கண்ணாடி கெட்டுப்போயிரும்னுதான் மா கீழ வச்சேன்," என்றார் அப்பா. "லோரிக்கும் சாவி போடுற எடத்துலதான் வைப்பேன். குடு, நான் சுத்தம் பண்றேன். லோரி எஞ்சின்ல எத்தன நோசல் சுத்தம் பண்ணியிருக்கேன்."

கையை நீட்டினார். நான் போனைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"தொடாதீங்க! நீங்க கை வச்சா எல்லாமே கெட்டுப்போவுது லா."

அவர் கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. போனை அணைத்துவிட்டு, பல்குச்சியால் துகள் துகளாகச் சுரண்டி எடுத்தேன். ஏழெட்டு நிமிடம் பிடித்தது. மறுபடி செருகியபோது மேல்மூலையில் குறி வந்தது. மணி பத்தாக இரண்டு நிமிடம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நேர்காணலில் சிரித்தேன். பொறுமையைப் பற்றிக் கேட்டார்கள். கோபமாக எழுதும் வாடிக்கையாளரிடம் எப்படி நடந்துகொள்வீர்கள் என்றார்கள். எதிரில் இருப்பவர் வேண்டுமென்றே தவறு செய்திருக்க மாட்டார் என்ற எண்ணத்தோடு பேச ஆரம்பிப்பேன் என்று சொன்னேன். அவர்களுக்கு அது பிடித்துப்போனது. வெளியே குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. தட்டச்சுச் சோதனையும் முடிந்த பிறகு, திங்கட்கிழமையே தொடங்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றேன்.

சொல்ல ஓடினேன். அப்பா குழாயடியில் குட்டை முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மோட்டார் சைக்கிள் பளிச்சென்று ஈரமாக நின்றது. பாராங், மண்வெட்டி, மின்சட்டியின் மூடி எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாகக் கிடந்தன. எதிலும் ஒரு பொட்டு இல்லை. இடது கால் கட்டு ஊறி, நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னாப்பா பண்றீங்க?"

"எல்லாத்துலயும் எடுத்துட்டேன் மா," என்றார். "இனி ஒண்ணும் கெடாது."

எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஈரக்கட்டை அவிழ்க்க ஆரம்பித்தேன். வேலை கிடைத்ததா என்று அவர் கேட்கவில்லை. கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.