அக்காவின் தலைக்கு மேல் ஒரு விளக்கு

இன்று மகளின் முடியை நேராக்கிய கருவியிலிருந்து எழுந்த பொசுங்கல் வாடை, திண்டுக்கல் பேருந்து நிலையத்தருகே இப்போது செல்போன் கடையாகிவிட்ட ஸ்டுடியோவின் கறுப்புத் திரைக்குள் என்னை இழுத்துப்போனது. அம்மா அடுப்புத் தீயில் இறந்த மறுவருடம், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப அக்காவைப் படமெடுக்க வந்திருந்தோம். எனக்கு ஆறு வயது. அசையாமல் உட்கார்ந்திருந்த அக்காவின் பின்னந்தலைக்கு மேல் தொங்கிய விளக்கைப் போட்டோக்காரர் போட்டதும், பல்பின் தூசி கருகி நாற, அவள் முடியிழைகள் ஒவ்வொன்றும் தகதகவென்று எரிந்தன. நான் அலறிக்கொண்டு ஓடி, இரு கைகளாலும் அவள் தலையில் அடித்து நெருப்பை அணைக்கப் பார்த்தேன்.

"ஏ புள்ள, அது வெறும் லைட்டுதேன்," என்றார் அவர்.

நான் அடிப்பதை நிறுத்தவில்லை. அக்கா என் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"அந்த லைட்டு வேணாம்ணே. தல இருட்டாவே இருக்கட்டும், எடுங்க."