தோற்க வேண்டிய சோதனை

ஐலி அஹோனன் கடற்படையில் இருபத்திரண்டு வருடம் ஓட்டை அடைத்த பெண்மணி. கேலிக்குச் சொல்லவில்லை, அதுதான் அவர் பார்த்த உத்தியோகம். கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தால் ஓடிப்போய் மர ஆப்பு இறுக்கி, துணி திணித்து, முட்டுக் கொடுத்து மிதக்கவைக்கிற பிரிவு. சீஃப் என்ற பதவியோடு ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் சின்ன ஊரில் தபால்காரர் முதல் பாதிரியார் வரை அவரை சீஃப் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார் என்று ஒரு பேச்சு உண்டு.

ஐம்பத்தெட்டாவது வயதில், ஒரே இலையுதிர்காலத்தில், இரண்டு காரியங்களைச் செய்ய அவர் முடிவெடுத்தார். பதினோரு வருடமாக வாடகைக்கு இருந்த மரவீட்டைச் சொந்தமாக வாங்குவது ஒன்று. ஓவீட் கிட்ரியைக் கல்யாணம் செய்துகொள்வது இன்னொன்று.

ஓவீட் அதே கப்பலில் சமையல்காரராக இருந்தவர். லூசியானாவின் தெற்கு மூலையில், சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஆள். பழைய மாலுமிகள் கூடிய ஒரு விருந்தில் முப்பது வருடம் கழித்து ஐலியைப் பார்த்தார். அதன்பிறகு தினமும் தொலைபேசி. கல்யாணத்துக்குச் சம்மதித்தபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: குளிர் ஆகாது. படுக்கிற அறை கதகதப்பாக இருந்தால் வடக்கே வந்துவிடுவார். இல்லையென்றால் ஐலி தெற்கே வந்துவிட வேண்டும்.

"ரொட்டி அடுப்பு மாதிரி இருக்கும்," என்று ஐலி சொல்லிவிட்டார்.

உண்மையில் ஏரியைப் பார்த்த அந்த வடக்கு அறையை அவர் நவம்பரில் பூட்டினால் ஏப்ரலில்தான் திறப்பார். அங்கே ஒருமுறை மறந்து வைத்த தண்ணீர் டம்ளர் காலையில் பனிக்கட்டியாக இருந்திருக்கிறது. குளிர்காலம் முழுக்க அவர் படுப்பது சமையலறை ஓரத்து சோபாவில்.

அதனால்தான் அந்தக் கடன் அவருக்கு அவ்வளவு முக்கியமாகப் போயிற்று. படையில் வேலை செய்தவர்கள் வீடு வாங்க அரசாங்கம் உத்தரவாதம் நிற்கிற கடன் அது. வீட்டில் சூடு தங்குகிற மாதிரி வேலைகள் செய்துகொள்ள, அதே கடனோடு ஆறாயிரம் டாலர் வரை சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் மூவாயிரத்தைத் தாண்டினால் ஒன்றைக் காட்ட வேண்டும்: அந்த வேலைகளால் மாதாமாதம் மிச்சமாகிற எரிவாயுச் செலவு, கூடுகிற தவணையைவிட அதிகம் என்று. அதைக் கணக்கிட்டு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வீடு வீடாகப் போய்க் காற்று எங்கே நுழைகிறது என்று பார்ப்பேன். அதிகம் பேச வேண்டாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் மாதம் ஒரு வியாழக்கிழமை போனேன். ஐலி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். தரை பளபளத்தது. மேசைமேல் ஏலக்காய் போட்ட ரொட்டி, சம அகலத்தில் வெட்டி அடுக்கப்பட்டிருந்தது.

"சோதனைக்குத் தயார், தம்பி."

முன்வாசல் சட்டத்தில் சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டி, நடுவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தினேன். அது வீட்டுக்குள் இருக்கிற காற்றை வெளியே இழுக்கும். வெளிக்காற்று ஒவ்வொரு சந்து வழியாகவும் உள்ளே வரப் பார்க்கும். நிமிடத்துக்கு எத்தனை கன அடி வருகிறது என்று மீட்டர் சொல்லும்; எண் குறைந்தால் வீடு இறுக்கம். நூறு வயது தாண்டிய மரவீடு அந்த நேரத்தில் ஊளையிட வேண்டும். இந்த வீடு மூச்சு விடவில்லை. திரைச்சீலைகூட அசையவில்லை.

"எவ்வளவு?"

"ஆயிரத்து நூறு."

"நல்லதா, கெட்டதா?"

"ரொம்ப நல்லது. போன வருஷம் கட்டின வீடு மாதிரி."

ஐலியின் தாடை ஒரு விரல்கடை உயர்ந்தது. "எழுதிக்கோ."

அப்போதுதான் நான் சுற்றிலும் ஒழுங்காகப் பார்த்தேன். ஜன்னல் ஓரமெல்லாம் சாம்பல் நிற டேப். மின்சார பிளக் ஓட்டைகளின்மேல் டேப். தரையும் சுவரும் சேருகிற கோட்டில், ஸ்கேல் வைத்தது போல் டேப். பின்வாசல் கதவைச் சுற்றி மூன்று அடுக்கு. அடுப்புக்கு மேல் புகை போகிற குழாயில் ஒரு தலையணை. கடிதம் போடுகிற துவாரத்தில் கடற்படை சாக்ஸ் ஒன்று, சுருட்டித் திணித்து.

"சீஃப், இதெல்லாம் எப்போ செஞ்சீங்க?"

"ரெண்டு வாரமா. முப்பத்தாறு சுருள். சோதனைக்கு ஆள் வருதுன்னா கையைக் கட்டிக்கிட்டு நிப்பேன்னு நெனச்சியா?"

சொல்ல வேண்டியதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "இந்த நம்பரைப் போட்டா, இந்த வீட்டுல மிச்சம் பிடிக்க ஒண்ணுமே இல்லேன்னு ஆயிடும். ஆறாயிரம் கிடைக்காது. டேப் ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது, சீஃப். அதைப் பிரிச்சிட்டுத்தான் அளக்கணும்."

"பிரிச்சா?"

"வீடு தோத்துடும். தோத்தாத்தான் கடன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

"இருபத்திரண்டு வருஷம். எத்தனை அட்மிரல் வந்து எட்டிப் பார்த்திருப்பான்! ஒரு சோதனையில நான் தோத்தது கிடையாது. இப்போ வேணும்னே தோக்கச் சொல்றியா?"

"நீங்க இல்ல சீஃப். வீடு."

"ரெண்டும் வேறயா?"

கடிதத் துவாரத்து சாக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் பின்கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

"சீஃப்! ஏ சீஃப்! கதவைத் தொற புள்ள. பெட்டியில எறா இருக்கு, வெளிய நான் இருக்கேன். ரெண்டும் ஒண்ணா வெறச்சுப்போச்சு!"

ஐலியின் முகம் வெளுத்துவிட்டது. "ஞாயித்துக்கெழமைதானே வர்றேன்னான்," என்றார் மெதுவாக.

கதவு திறக்காததால் ஓவீட் வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்தார். ஜன்னல் கண்ணாடியில் மூக்கு அழுந்தியது. மெல்லிய மேல்சட்டை, தலையில் வைக்கோல் தொப்பி, கையில் ஐஸ் பெட்டி.

"வாசல்ல என்ன இது, விமான எஞ்சினா? ஊருக்குப் பறக்கப் போறீங்களா?"

"இதைக் கழட்ட எவ்வளவு நேரம்?" என்று ஐலி என்னிடம் கேட்டார்.

"பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம் நான் தாங்கமாட்டேன்," என்றது கண்ணாடிக்கு அப்பாலிருந்த மூக்கு. "என்னையும் எறாவோட சேத்துப் பொரிச்சிடுங்க!"

ஐலி விசிறியைப் பார்த்தார். பின்கதவைப் பார்த்தார். பிறகு நடந்துபோய், மூன்று அடுக்கு டேப்பின் நுனியை நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பாக இழுத்தார். சட்டென்று கதவு திறந்தது. காற்றோடு ஓவீட்டும் உள்ளே வந்தார். தொப்பி அவருக்கு முன்னாலேயே வந்து, கூடத்தைத் தாண்டி என் காலடியில் விழுந்தது.

கதவைச் சாத்தினார்கள். டேப் இல்லாத கதவு மெல்லியதாக விசிலடித்தது.

ஓவீட் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தார். காதைத் தீட்டிக்கொண்டார். "யாரு அது விசிலடிக்கிறது?"

"கதவு," என்றார் ஐலி.

"ரொட்டி அடுப்புன்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு திரும்பி, ஜன்னல் டேப்பைப் பிடித்து உரிக்க ஆரம்பித்தார். பதில் வரும்வரை சும்மா நிற்க அவருக்குத் தெரியாது போலிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஓவீட், மேல்சட்டையைக் கழற்றாமலே, மறுபக்கத்து ஜன்னலில் ஆரம்பித்தார். தலையணையை உருவினார். சாக்ஸை இரண்டு விரலால் இழுத்து, முகர்ந்து பார்த்து, "துவைச்சதுதான்," என்று எனக்குத் தகவல் சொன்னார். ஒவ்வொன்றாகப் பிரியப் பிரிய வீடு பாட ஆரம்பித்தது. பிளக் ஓட்டை ஒரு சுதியில், மாடிப்படி இன்னொரு சுதியில். மீட்டர் இரண்டாயிரத்தைத் தாண்டியது, பிறகு மூவாயிரம்.

கடைசியில் வடக்கு அறை. அங்கே நான் புகைக்குச்சியை எடுத்தேன். காற்று வருகிற இடத்தில் புகை எந்தப் பக்கம் சாய்கிறதென்று காட்டுகிற சின்னக் கருவி. "குடு, நான் பிடிக்கிறேன்," என்று ஓவீட் வாங்கிக்கொண்டார். ஜன்னலடியில் பிடித்தார். புகை நேராக மேலே போகவில்லை. தரைக்கு இணையாகப் படுத்துக்கொண்டு, அறையைக் கடந்து கட்டிலுக்கு மேலே போயிற்று.

"இதுதான் நமக்குக் கட்டிலா?"

"இதுதான்."

"பதினோரு வருஷம் இங்கயா படுத்த?"

"குளிர்காலத்துல சோபாவுல. மூணு ஜோடி சாக்ஸ் போட்டுக்குவேன்."

புகை தீரும்வரை ஓவீட் குச்சியைப் பிடித்தபடி நின்றார். நான் மீட்டரைப் பார்ப்பதாக வெளியே வந்துவிட்டேன். ஆனால் பேசுவதெல்லாம் கேட்கிற தூரம்தான்.

"இந்தா பாரு சீஃப். கப்பல்ல இருபது வருஷம் அடுப்புப் பக்கத்துல படுத்தவன் நான். இங்கயும் சமையலறையிலயே படுத்துக்கிடுதேன். பிப்ரவரி ஒண்ணு வரைக்கும். அதுக்குள்ள இந்த அறை சூடாயிட்டா இங்க இருப்போம். ஆகலேன்னா ரெண்டு பேரும் எங்க ஊருக்குக் கெளம்புறோம். அழக் கூடாது."

"நான் எப்போடா அழுதிருக்கேன்?"

"நான் எனக்குச் சொல்லிக்கிட்டேன்."

நாலாயிரத்து எழுநூறு. அந்த எண்ணை எழுதும்போது ஐலி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "நல்லாத் தோத்திருக்கு," என்றார், வாயில் கசப்பை வைத்துக்கொண்டு. பிறகு எங்கள் இருவருக்கும் ரொட்டி கொடுத்தார். ஓவீட் அதற்குள் எறாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கணக்கு சுலபமாக நின்றது. கூடுகிற தவணையைவிட மிச்சமாகிற எரிவாயு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆறாயிரமும் கிடைத்தது, நவம்பரில் வீடும் ஐலியின் பேருக்கு வந்தது. கல்யாணம் நடந்தது தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். சாப்பாட்டுக்கு இறைச்சி அடைத்த பாஸ்டியும், எறா போட்டு ஓவீட் காரமாகக் காய்ச்சிய கம்போக் குழம்பும். கம்போ தின்ற பாதிரியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பலர் பக்தி என்று நினைத்தார்கள். டிசம்பரில் ஆட்கள் வந்து பரணில் பஞ்சு ஊதினார்கள், அஸ்திவார ஓரங்களில் நுரை அடித்தார்கள், ஜன்னல்களுக்கு வெளியே இரண்டாவது கண்ணாடி மாட்டினார்கள். ஐலி அவர்கள் பின்னாலேயே நடந்து, விட்டுப்போன சந்துகளை விரலால் காட்டினார். இரண்டாவது நாளே அவர்களும் அவரை சீஃப் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஜனவரி முப்பதாம் தேதி எனக்கு அழைப்பு வந்தது. "விசிறியை எடுத்துக்கிட்டு வா. கெடு முடியப் போகுது."

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. ஐலி அதே இடத்தில், கைகளைப் பின்னால் கட்டி நின்றார். வீட்டில் ஒரு அங்குல டேப் கிடையாது. நானே தேடிப் பார்த்தேன். விசிறியை ஓடவிட்டேன்.

மூவாயிரத்து இருநூறு.

"எவ்வளவு?" என்றார்.

நான் மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். இணைத்த குழாயைச் சரிபார்த்தேன். மூவாயிரத்து இருநூறு. சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

ஐலி ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். "புகைக்குச்சியை எடு."

கூடத்தில் புகை நேராக நின்றது. சமையலறையில் நேராக நின்றது. மாடிப்படியில், பின்கதவில், ஒவ்வொரு பிளக்கிலும் நேராக நின்றது. அவர் முகம் நடக்க நடக்க வெளிறிக்கொண்டு வந்தது. வடக்கு அறை வாசலுக்கு வந்ததும் புகை தடுமாறி, மூடிய கதவின் அடிச்சந்திலிருந்து அடித்த காற்றில் எங்கள் பக்கம் திரும்பிப் பாய்ந்தது.

கதவைத் திறந்தார்.

ஓவீட் கட்டிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். பனியன், அரைக்கால்சட்டை. போர்வையைத் தரைக்கு உதைத்துத் தள்ளியிருந்தார். தலைமாட்டு ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. வெளியே ஏரி உறைந்து கிடந்தது.

"ஓவீட்!"

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன சீஃப்?"

"ஜன்னலை யாருடா திறந்தது?"

"நான்தான். மனுசன் படுக்க முடியுதா இதுல? ரொட்டி அடுப்பு மாதிரில்ல இருக்கு."

ஐலி ஜன்னலை இழுத்துச் சாத்தினார். கொண்டியைப் போட்டார். அந்தப் பக்கம் திரும்பியபடியே கொஞ்ச நேரம் நின்றார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

"இப்போ போய்ப் பாரு, தம்பி."

போய்ப் பார்த்தேன். ஆயிரத்து ஐநூறு.

"சீஃப், வீடு பாஸ்!" என்று கூடத்திலிருந்து கத்தினேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.