புளி போட்டுத் துலக்கிய தோட்டா உறைகள்

என் மகள் ரைஃபிள் போட்டிகளில் சுடுகிறாள் என்று சொன்னால், கோயிலில் சந்திக்கும் ஆன்ட்டி ஒருவர் தவறாமல் கேட்பார்: “அப்போ பரதநாட்டியத்த விட்டுட்டாளா?” விடவில்லை. எங்கள் டெக்ஸாஸ் வீட்டில் இரண்டும் நடக்கின்றன.

அவளுக்கான தோட்டாக்களை அவளும் என் கணவரும் கராஜில் தயாரிக்கிறார்கள். சுட்ட தோட்டாவில் பித்தளை உறை மட்டும் மிஞ்சும். சூட்டில் பெருத்துவிட்ட அந்த உறையை எஃகு அச்சினுள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிதாக வெடிமருந்தும் குண்டும் வைப்பார்கள். ஒரே உறை பலமுறை உழைக்கும். ஆனால் பித்தளை மெலிந்துபோனால், சுடும்போது அடிப்பகுதி பிய்ந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கித் திரும்பக்கூடும்.

சென்ற வசந்தத்தில், மாநில ஜூனியர் அணிக்கான தேர்வுப் போட்டி நெருங்கியிருந்தது. இரண்டு வருடங்களாக அவள் காத்திருந்த போட்டி. பயிற்சியிலிருந்து திரும்பியவள், சுட்ட உறை ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அடியிலிருந்து சற்று மேலே, தலைமுடி போன்ற விரிசல் வளையமாக ஓடியது.

“ஒண்ணுதானே? அத தூக்கிப் போட்டுட்டு மத்தத யூஸ் பண்ணு,” என்றார் கணவர்.

“ஒண்ணு இப்படி ஆச்சுன்னா மத்ததும் ஆகும்ப்பா. கிராக் வர்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல பளபளன்னு ஒரு ரிங் தெரியும். நான் எப்படி அத மிஸ் பண்ணேன்?”

பெட்டியைத் திறந்தாள். உறைகள் அத்தனையும் கார்த்திகைக்குத் துலக்கிய விளக்குகளாக மின்னின. கடையில் விற்கும் கரைசலில் நம்பிக்கையில்லாத என் கணவர், சமையலறைப் புளியைக் கரைத்து, ஒவ்வொன்றையும் ஊறவைத்துத் தேய்த்துத் துடைத்து அடுக்கியிருந்தார். அவர் வளர்ந்த வீட்டில் பித்தளை என்றால் அப்படித்தான்.

“எல்லாமே ஷைன் ஆகுது. இதுல நான் எந்த ஷைனத் தேடறது?”

“பூஜைக்கு வைக்கற மாதிரி பண்ணிட்டேனோ,” என்றார் அவர்.

“கொலுவுலயே வைக்கலாம்ப்பா.”

பிறகு அளந்து பார்த்து அவளே காரணத்தைக் கண்டுபிடித்தாள். அச்சு அளவுக்குமேல் இறங்கியிருந்தது. உறை வாய்ப்பக்கம் குறுகத் தொடங்கும் தோள்பகுதி ஒவ்வொரு முறையும் தேவைக்கு அதிகமாகப் பின்னுக்குப் போக, சுடும்போது பித்தளை இழுபட்டு அடியில் மெலிந்திருக்கிறது. அச்சைத் திருத்திவிட்டாள். மெலிந்ததைத் திருத்த வழியில்லை. வெளியே வளையம் மறைந்திருந்தாலும் உட்சுவரில் பள்ளம் இருக்கும் என்றாள்.

பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியைச் சிறு கொக்கியாக வளைத்தாள். அதை உறைக்குள் விட்டுச் சுவரோடு மேலே இழுத்தால், பள்ளத்தில் நுனி தடுக்கும். சிலவற்றைப் பார்த்தவள், கம்பியை என்னிடம் நீட்டினாள்.

“அம்மா, நீ பாரு.”

“எனக்கு என்னடி தெரியும் இதுல?”

“அதனாலதான். எனக்கு இந்த மேட்சுக்குப் போகணும். என் கை எல்லாத்தையும் ஓகேன்னுதான் சொல்லும்.”

நேர்மையைப் பற்றி நான் நிறைய வாசித்திருக்கிறேன். தன் ஆசை தன் விரல்நுனி வரைக்கும் வந்துவிடும் என்று அறிந்து, அந்த விரலை விலக்கிக்கொண்ட ஒருவரை அன்றுதான் நேரில் பார்த்தேன். அவளுக்குப் பதினேழு வயது.

அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். நான் அவசரப்படவில்லை. முதல் உறையில் கம்பி வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்ததில் நின்றது. எனக்கே சந்தேகம் வந்து, மீண்டும் இழுத்தேன்.

“தடுக்குது,” என்றேன். பிறகு, “இதுலயும்.”

என் கணவர் ஒவ்வொன்றாக வாங்கி, யாரும் தவறி எடுத்துவிடாதபடி அதன் வாயைக் குறடால் நசுக்கினார். எல்லாம் அவர் கையால் துலக்கியவை.

தேறியவை ஒரு போட்டிக்குப் போதவில்லை. அவள் ரைஃபிளுக்குரிய தோட்டாவோ புது உறையோ அக்கம்பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. பயிற்சியாளரை அவளே ஃபோனில் அழைத்து, தன் பித்தளை பாதுகாப்பாக இல்லை, வரமுடியாது என்று ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னாள். அப்பாவின் புளியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பேசி முடித்தபின் சிறிது அழுதாள். பிறகு சாப்பிட வந்தாள்.

அடுத்த வாரம் கோயிலில் அதே ஆன்ட்டி, “பொண்ணு செலக்ட் ஆயிட்டாளா?” என்றார்.

“போகல, ஆன்ட்டி.”

“அய்யோ, ஏம்மா?”

பொதுவாக நான் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி நகர்கிறவள். அன்று பிரசாத வரிசையை விட்டு விலகி நின்று, விரிசல் விட்ட உறையில் தொடங்கி முழுவதையும் சொன்னேன். வரிசை எங்களைத் தாண்டி நகர்ந்துகொண்டிருந்தது.