ரெண்டு தடவை அடிச்சேன்

காலை ஏழேகால் மணி. போலீஸ் நிலையத்து பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். முதலில் கண்ணில் பட்டது அவன் முழங்கைவரை காய்ந்து வெடித்திருந்த சுண்ணாம்பு. விலங்கை அதற்கப்புறம்தான் பார்த்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் போனபின் வந்த மூன்றாவது பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. வீடுகளுக்கும் கடைகளுக்கும் சுண்ணாம்பு அடிப்பதுதான் அண்ணன் தொழில். இரண்டு வருடம் முன்பு அவன் காதில் ஆளில்லாத குரல்கள் கேட்க ஆரம்பித்தன. மதராஸில் ஐந்து மாதம் மனநோய் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். திரும்பியபின் குரல்கள் குறைந்தன, நிற்கவில்லை. வந்தால், சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை வாளியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பான். போனதும் வேலையைத் தொடர்வான். யார் மேலும் கை வைத்தது கிடையாது. பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மா ஒருத்தி அவனைக் கண்டால், "எம் மூஞ்சிக்கும் ஒரு தடவ அடிச்சுட்டுப் போயேம்பா, பொங்கலுக்காவது வெளுப்பா இருக்கட்டும்" என்பாள். அவன் சிரிப்பான்.

தெருவில் அந்த ஐந்து மாதமும் அவன் காரைக்காலுக்கு வேலைக்குப் போயிருந்ததாகச் சொல்லி வைத்திருந்தோம். உண்மை தெரிந்த வெளியாள் ஒருவர்தான். நான் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த பத்திரிகையின் நிருபர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். நானேதான் அவரிடம் சொன்னேன்.

முந்தின நாள் சாயங்காலம் நெல்லித்தோப்பில் ஓர் அரிசிக்கடையில் முதலாளி மூட்டைகளுக்கு நடுவே மயங்கிக் கிடந்தார். பின்மண்டையில் இரண்டு காயம். உள்ளறையில் அண்ணன் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். போலீஸ்காரர் உள்ளே போய், "யார்றா அடிச்சது?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் சுவரைப் பார்த்தபடியே பதில் சொல்லியிருக்கிறான்.

"நாந்தாங்க அடிச்சேன். ரெண்டு தடவ அடிச்சேன். காஞ்சா வெளுத்துடும்."

முதல் இரண்டு வாக்கியங்கள் வாக்குமூலத்தில் இருந்தன. மூன்றாவது இல்லை. எழுத்தர் பிரெஞ்சில் எழுதியிருந்தார், அப்போதும் அதுதான் வழக்கம். பிரெஞ்சில் ஆளை அடிப்பதற்கு ஒரு சொல், சுவருக்கு அடிப்பதற்கு வேறு சொல். அவர் முதல் சொல்லைப் போட்டிருந்தார். அந்தத் தாளைப் படிக்கிற எந்த அதிகாரிக்கும் இனிமேல் சுவர் தெரியாது.

"ஐயா, அவன் செவுத்தச் சொல்றான்" என்றேன்.

"மண்டையில ரெண்டு காயம். அவனும் ரெண்டுங்கறான். செவுரு எங்க வந்துச்சு?" என்றார் எழுத்தர்.

அவரும் தமிழர்தான். பொங்கலுக்கு அவர் வீட்டுக்கும் யாரோ அடித்திருப்பார்கள்.

நிலையத்துப் பெரிய அதிகாரியான கொமிசேர் நிதானமானவர். நான் சொன்னதை முழுதும் கேட்டார். "கடைக்காரர் கண் முழிக்கட்டும். இவன் இல்லன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னா, அப்பவே விட்டுடறேன்" என்றார்.

அன்று மாலைப் பத்திரிகையில் ஆறு வரிச் செய்தி வந்தது. அதில் காயம் என்ற சொல் ஒரு முறை, பைத்தியம் என்ற சொல் மூன்று முறை. தலைப்பில் 'வெறியாட்டம்' என்று இருந்தது. மதராஸ் ஆஸ்பத்திரியும் ஐந்து மாதமும் இருந்தன. எல்லாப் புரூஃபும் என் மேசைக்கு வரும். இது வரவில்லை. நிருபர் அச்சுக்கோப்பவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லக் கோக்க வைத்திருக்கிறார்.

"என்னண்ணே இது?"

"பேரு போடலியேப்பா."

"நெல்லித்தோப்புல சுண்ணாம்பு அடிக்கிறவன், மதராஸுக்குப் போயிட்டு வந்தவன், எத்தன பேர் இருக்காங்க?"

"நீ எங்கிட்ட சொன்னது பொய்யா?"

பொய் இல்லை.

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போனேன். அதே மீன்காரம்மா என்னைப் பார்த்ததும் அரிவாள்மணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஏந்தம்பி, அஞ்சு மாசமும் கையக் கட்டிப்போட்டுத்தான் சோறு போட்டாங்களாமே? எங்ககிட்ட காரைக்கால்னு சொன்னீங்களே. எம் பேத்திய மடியில வச்சிக்கிட்டு இல்ல அவங்கிட்டப் பேசினேன்?" பக்கத்துக் கடைக்காரி, "அவன் சிரிப்பே ஒரு மாதிரி இருக்கும்க்கா, நான் அப்பவே சொன்னேன்" என்றாள். அவள் அப்போது எதுவும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் கடைக்காரர் கண் விழித்தார். கொமிசேர் வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். கட்டுப்போட்ட தலையோடு சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"ஒங்க அண்ணன் இல்ல தம்பி. எம் மச்சான். வீட்டுக்காரியோட தம்பி. வாய்த் தகராறு. எடக்கல்லத் தூக்கி அடிச்சிட்டான்."

"இத அப்படியே கொமிசேர்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன், சொல்றேன்." கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அவனுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்கு. பேப்பர்லயும் ஒங்க அண்ணன்னு வந்துடுச்சு. அவருக்கு என்ன, ஜெயிலா குடுக்கப் போறாங்க? வைத்தியம்தானே பண்ணுவாங்க. நல்லதுதானே தம்பி?"

"அவன் ஒங்க செவுத்துக்கு அடிச்சிக்கிட்டு இருந்தான்."

"நல்லாத்தான் அடிச்சிருந்தார். நான் குத்தம் சொல்லல."

பத்து மணிக்குக் கொமிசேர் வந்தார். நான் வராந்தாவில் நின்றேன், கதவு திறந்தே இருந்தது. பின்னாலிருந்து அடி விழுந்தது, ஆளைப் பார்க்கவில்லை என்று கடைக்காரர் சொன்னார். கடைக்குள் வேறு யாரும் இருந்தார்களா என்று கேட்டதற்கு, சுண்ணாம்பு அடிப்பவர் மட்டும்தான் என்றார். நான் உள்ளே போய், சற்றுமுன் அவர் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். கடைக்காரர் என்னைப் பார்க்காமல், "கூடப் பொறந்தவர், வேற என்ன சொல்லுவார்" என்றார். கொமிசேர் என் தோளில் கை வைத்து வெளியே அழைத்து வந்தார்.

வழக்கு நடக்கவில்லை. புத்தி சுவாதீனம் இல்லாதவன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மறு உத்தரவு வரும்வரை மதராஸ் ஆஸ்பத்திரியில் அடைத்து வைக்க ஆணை வந்தது. எத்தனை மாதம் என்று அதில் இல்லை.

பஸ்ஸில் இரண்டு காவலர்களுக்கு நடுவே அண்ணன் உட்கார்ந்தான். பின் இருக்கையில் நான். அவன் ஒரு முறை திரும்பி, "அந்தச் செவுரு காஞ்சிடுச்சா?" என்று கேட்டான். காய்ந்துவிட்டது என்றேன்.

எல்லையோரக் கோரிமேடு தாண்டியதும் மதராஸ் மாநில மதுவிலக்குப் போலீசார் பஸ்ஸை நிறுத்தி, சாராயம் இருக்கிறதா என்று எல்லோருடைய பையையும் சோதித்தார்கள். அண்ணனின் பையில் இரண்டு வேட்டியும் ஒரு துண்டும் இருந்தன.