சாம்பல் அட்டையில் ஒரு சந்தனப் பொட்டு

காலை ஏழு நாற்பது. ஆயுத பூசைக்கு மறுநாள். ஹற்றன் கடையின் பின்னறைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை சந்தனப் பொட்டுகள். கெமராவின் முதுகில் ஒன்று, அதைத் தாங்கிய கம்பியில் ஒன்று, இரண்டு விளக்குகளுக்கும் தலா ஒன்று, மடிக்கணினியின் மூடியில் ஒன்று, மேசை விளிம்பில் ஒன்று. ஏழாவது பொட்டு, உள்ளங்கை அளவுள்ள சாம்பல் நிற அட்டையின் நட்ட நடுவில். கெமராவின் கண்ணாடி மட்டும் துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருந்தது. பத்து வருடம் பத்திரிகைக்குப் படம் எடுத்த பழக்கத்தில் எண்ணிப் பார்த்தேனே தவிர, எதையும் துடைக்கவில்லை. துடைத்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தேன்.

வைத்தது ஸ்டோர் அக்கா. தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு உதிரிப்பாகம் விற்கும் அந்தக் கடையில் எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள். அப்போது நாற்பது வயதிருக்கும். வட்டவளைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருவார். அவருடைய அப்பா தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலரில் வேலை செய்தவர். ஆயுத பூசையன்று ரோலரை நிறுத்திக் கழுவி, பொட்டு வைத்து, மறுநாள் காலையில்தான் ஓட்டுவார்களாம். “மெசின்னு வந்துட்டா பொட்டு உண்டுங்க சேர். கண்ணாடியில வைக்கல. அவ்வளவு மக்கு இல்ல நானு” என்றார். கடை ஹாஜியாருடையது. பூசைக்குப் பொரியும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்துவிட்டு, சாவியை அக்காவிடம் தந்துவிட்டுப் போயிருந்தார் அவர்.

என்னை அங்கே வரவழைத்ததும் ஹாஜியார்தான். கொழும்பில் இருக்கும் அவருடைய மகன், விற்காத பழைய இரும்பைக் காத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை, எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு கடையை மூடலாம் என்று சொல்லிவிட்டார். சரக்கு நல்ல சரக்கு, இருப்பது தோட்டங்களுக்குத் தெரியாததுதான் குறை என்பது அக்காவின் கட்சி. அப்படியென்றால் ஒவ்வொன்றையும் படம் எடுத்துப் பட்டியல் போட்டு அனுப்பிப் பார்ப்போம் என்று ஹாஜியார் முடிவு செய்தார். “மாசம் முடியுறதுக்குள்ள ஓடர் வந்தா கடை ஈக்கும் தம்பி. இல்லாட்டி மகன் லொறி அனுப்புவாரு.” கடை இல்லையென்றால் அக்காவுக்கு வேலையும் இல்லை. அதை அவர் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

பூசைக்குச் சில நாள் முன்பே பின்னறையின் சன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தேன். வெளியே மூடுபனி வந்துபோகும் ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் மாறிக்கொண்டிருந்தது. கெமராவை மேசைக்கு மேலே குப்புறப் பொருத்தி, வயரால் கணினியோடு இணைத்தேன். சாமானைக் கறுப்பு விரிப்பில் வைத்து, இலக்கத்தைத் தட்டி, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். கணினியே படம் பிடித்து, அந்த இலக்கத்திலேயே சேமித்துவிடும். காலையில் முதல் படம் மட்டும் சாம்பல் அட்டைக்கு. அட்டையின் நடுவைப் பார்த்துத்தான் கணினி அன்றைய நிறங்களுக்கெல்லாம் கணக்குப் போடும். அக்கா தட்டிலிருந்து எடுத்து, துணியால் துடைத்து, இலக்கம் சொல்லி வைப்பார். நான் அமுக்குவேன். மதியத்துக்குள் நூறைத் தாண்டிவிடுவோம்.

பூசைக்கு மறுநாளும் அப்படித்தான் போனது. பத்து மணி இருக்கும், அக்கா திரையை எட்டிப் பார்த்தார்.

“என்னங்க சேர், பித்தளை காய்ச்சல்காரன் மாதிரி வெளுத்துக் கெடக்கு?”

“பழைய சரக்குதானே அக்கா.”

“பழசுன்னா கறுக்கும் சேர். வெளுக்குமா?”

கெமரா பொய் சொல்லாது என்று நான் சொன்னேன். அக்கா அடுத்த சாமானை எடுக்கப் போய்விட்டார்.

அன்று எடுத்ததில் பெரும்பகுதி, ரோலர் மேசையில் பதிக்கும் பித்தளைச் சட்டங்கள். இரும்பு பட்டால் கொழுந்துச் சாறு கறுத்துவிடும் என்பதால் தொழிற்சாலைகள் அதற்குப் பித்தளையைத்தான் கேட்கும். எங்களிடம் இருந்ததிலேயே விலைபோகக்கூடிய சரக்கு அதுதான். அன்று பின்னேரமே படங்களை உடப்புசல்லாவையில் ஒரு தொழிற்சாலை அதிகாரிக்கு அனுப்பினோம். மறுநாள் காலையில் ஹாஜியாரின் போனில் அவருடைய குரல் எல்லோருக்கும் கேட்டது. “பித்தளைன்னு எழுதியிருக்கீங்க, படத்துல இருக்கிறது இரும்பு. யாரை ஏமாத்தப் பாக்குறீங்க? எனக்கு வேணாம்.”

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். “முடிஞ்சி. மகனுக்கு ஒரு கோல் எடுக்கிறன்.”

“கொஞ்சம் பொறுங்க ஹாஜியார்” என்றார் அக்கா. உள்ளே போய் ஒரு சட்டத்தை எடுத்துவந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். கையில் இருந்தது மஞ்சள். திரையில் இருந்தது வெள்ளிபோல் இருந்தது. “பூசைக்கு முந்தி எடுத்ததக் காட்டுங்க சேர்.” காட்டினேன். அன்றைய பித்தளைப் புஷ் வளையங்கள் மஞ்சளாகவே இருந்தன. அதற்கடுத்த படம், பூசைக்கு மறுநாளின் முதல் படம். சாம்பல் அட்டை, நடுவில் சந்தனம்.

கணினி அந்த மஞ்சளைச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு, எல்லாப் படத்திலிருந்தும் அவ்வளவு மஞ்சளைக் கழித்துவிட்டிருந்தது. விரிப்பு கறுப்பு, மற்றவை இரும்பு. இரும்பில் இலேசாக ஏறியிருந்த நீலம் கண்ணில் படவில்லை. அக்காவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. முகம் சுருங்கியது. “நான் வச்சதா சேர்?”

“வச்சது நீங்க. பார்த்துட்டு விட்டது நான். நீங்க சொன்னப்பவும் கேக்கல.”

திரும்ப எடுக்க வேண்டியிருக்கவில்லை. திரையில் அட்டையின் பொட்டுக்குப் பக்கத்தில், வெறும் சாம்பலில் அம்பைக் கொண்டுபோய் அழுத்தச் சொன்னேன். அக்கா விரலைச் சேலையில் துடைத்துவிட்டு அழுத்தினார். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறம் மாறின. சட்டங்கள் மஞ்சளாயின. அக்கா அதற்கும் திருப்திப்படாமல் இரும்புச் சாமான்களைத் தேடிப் பார்த்தார். “இரும்பு இரும்பாத்தான் இருக்கு. அனுப்புங்க சேர்.” ஹாஜியார் தொப்பியைப் போட்டுக்கொண்டு, “இந்தப் புள்ளைக்கிட்ட முதல்லயே கேட்டிருக்கலாம், கெமராக்காரரே” என்றார்.

அந்த அதிகாரி படத்தை நம்பவில்லை. மறுநாள் ஜீப்பில் நேரில் வந்து, சட்டத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்து, இரண்டு ரோலர்களுக்கு வேண்டியதை ஏற்றிக்கொண்டு போனார். மாதம் முடிவதற்குள் இன்னும் மூன்று தோட்டங்கள் கேட்டன. லொறி வரவில்லை.

இவை நடந்து மூன்று வருடமாகிறது. பின்னறையில் இப்போது பொத்தானை அமுக்குவது ஸ்டோர் அக்காதான். சாமான் எடுத்துக் கொடுக்க வேறு ஆள் இருக்கிறார். இந்த வருடமும் ஆயுத பூசைக்கு மறுநாள் காலை அங்கே இருந்தேன். கெமராவில், கம்பியில், விளக்குகளில், மடிக்கணினியில், மேசையில் பொட்டு இருந்தது. சாம்பல் அட்டையை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் ஒன்றுமில்லை. திருப்பினேன். சந்தனம் பின்பக்கத்தில் இருந்தது.