சீட்டு எனக்குத்தானுங்க

சேலத்து மருத்துவமனை ஒன்றின் போதை மீட்புப் பிரிவு. சீட்டு எழுதும் பெண் தலை நிமிராமலே கேட்டாள்.

"யாருக்கும்மா பாக்கணும்? வீட்டுக்காரருக்கா, பையனுக்கா?"

"ஊட்டுக்காரர் போயி ஏழு வருசமாச்சுங்க. சீட்டு எனக்குத்தானுங்க. சாரதாமணி. வயசு நாப்பத்தாறு."

வரிசையில் நின்ற ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாரதாமணியும் அவர்களைத் திருப்பிப் பார்த்தாள். அவர்கள்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவள் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவள். கணவர் இறந்த வருடம், சந்துக்குள் திருட்டுத்தனமாக விற்கும் மூன்று நம்பர் லாட்டரியில் விளையாட்டாக ஒரு எண்ணைச் சொன்னாள். அது விழுந்துவிட்டது. அன்று பிடித்த கிறுக்கு அது. தினமும் மூன்று மணிக்கு முடிவு வரும். எண் தவறினால் கோபம் வரும், கோபத்தில் குடிப்பாள், குடித்த வேகத்தில் நாளைக்கான எண்ணைச் சொல்லிவிடுவாள். போன மாதம் அப்படித் தவறிய ஒரு நாளில் தறியில் குறுக்கே ஓடி நூல் பாய்ச்சும் கனமான மரநாடாவை எடுத்து வீசினாள். பக்கத்துத் தறிக்காரி பழனியம்மாளின் புருவம் கிழிந்து நாலு தையல்.

"போலீசுக்குப் போவட்டுமா, இல்ல நீ ஆஸ்பத்திரிக்குப் போறயா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு," என்றாள் பழனியம்மாள், கட்டுப் போட்ட நெற்றியோடு.

ஆலோசகர் ஜெயப்பிரியா சின்ன வயதுக்காரி. எவ்வளவு குடிக்கிறாள், எப்போதிலிருந்து என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "முதல்ல குடிய நிறுத்துவோம். மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள்.

"அதெப்படிங்க? குடிய மட்டும் புடிச்சுக் கட்டி வெச்சீங்கன்னா, லாட்டரியும் கோவமும் வந்து அத அவுத்து உட்டுருமுங்க. பாக்கறதுன்னா மூணையும் பாருங்க. இல்லீன்னா நான் இப்பவே பஸ் ஏறறேன்."

ஜெயப்பிரியா பேனாவை மூடி வைத்தாள். அதன்பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கியது.

குடிக்கு டாக்டர் மாத்திரை கொடுத்தார். லாட்டரிக்காரனின் எண்ணைப் போனிலிருந்து அழித்தார்கள். கோபம் வருமுன் உடம்பு என்ன சொல்கிறது என்று கவனிக்கச் சொன்னாள் ஜெயப்பிரியா. கவனித்தாள். காது மடல் சுடுகிறது. சுட்டால் அந்த இடத்தை விட்டு நடந்துவிட வேண்டும். மூன்று மணிக்குத் தறியை நிறுத்திவிட்டு வெளியே போனால் முதலாளி சும்மா இருப்பாரா?

"பத்து நிமிசம் தறி நிக்கட்டுமுங்க. நிக்காத ஓட்டுனதுலதான் ஒருத்தி மண்ட ஒடஞ்சுது," என்று சொல்லிவிட்டுப் போனாள். முதலாளி முனகியதோடு சரி.

இரண்டாம் மாதம் கனவில் ஓர் எண் வந்தது. சந்துக்கே போய் அதைச் சொன்னாள், தவறியது, குடித்தாள். குடியை விட வந்தவர்களுக்கு மருத்துவமனையில் சனிதோறும் நடக்கும் கூட்டத்தில், அந்த வாரம் யாரும் கேட்குமுன் எழுந்து நின்றாள். "தோத்துட்டுத்தான் வந்திருக்கறேன். ஆனா வந்திருக்கறேன்," என்றாள். சுற்றிலும் உட்கார்ந்திருந்த ஆண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஐந்தாம் மாதம் மகள் சௌந்தர்யாவைப் பெண் பார்க்க ஆட்டையாம்பட்டியிலிருந்து வருவதாகச் சேதி. தம்பி முருகானந்தம் ஓடி வந்தான்.

"சனிக்கெழம வர்றாங்கக்கா. ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு வாயத் தொறந்தராத. மாத்திரையக் கேட்டா பிரஷருக்குன்னு சொல்லிக்கலாம்."

"சனிக்கெழம எனக்குச் சேலம் போவோணும். ஞாயித்துக்கெழம வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சாரதாமணி மகளைப் பார்த்தாள். சொல்லு என்பதுபோல் சௌந்தர்யா தலையசைத்தாள். சாரதாமணி லாட்டரி, குடி, பழனியம்மாளின் புருவம் என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை.

மறு வாரம் முருகானந்தம் வாசலில் நின்று கத்தினான். புள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாள் என்றான், குடிகாரி என்றான். சாரதாமணிக்குக் காது சுட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை போனாள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்தபோது அவன் களைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்திருந்தான்.

"கத்தி முடிச்சுட்டயா? உள்ள வா, சோறு ஆறுது," என்றாள். "அடுத்து எவன் வந்தாலும் இதையேதான் சொல்லுவேன். இப்பவே தெரிஞ்சு வெச்சுக்க."