சன்னக் கொழு

நெல் அறுத்த தாளுக்கு நடுவே, உழாமலே உளுந்து விதைக்கிற மிஷினை வாடகைக்குப் பிடித்திருந்தேன். மண்ணைக் கீறும் கொழுவில் இரண்டு வகை வைத்திருந்தார் டிரைவர். "அகலமா, சன்னமா? எத மாட்டட்டும்கா?"

ஓமானில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரைப் போனில் கேட்டேன். "அகலத்தயே மாட்டச் சொல்லு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. மண்ணை மிதித்தே மூன்று வருஷமானவருக்கு என்ன தெரியும்? ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் தைக்கிறவள் நான். தடித்த ஊசி போட்ட ஓட்டை மூடவே மூடாது. மண்ணும் அப்படித் திறந்து கிடந்தால் ஈரம் போய்விடும். சன்னத்தையே மாட்டச் சொன்னேன்.

மிஷினுக்குப் பின்னால் இழுபட்ட சங்கிலி, கீறலையெல்லாம் மூடிக்கொண்டே போனது.

சாயங்காலம் வீடியோ காலில் நிலத்தைக் காட்டினேன்.

"இன்னாம்மா, இன்னும் வெதைக்கவே இல்லியா? கோடே தெரில."

போனை மண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அப்போதும் அவருக்குத் தெரியவில்லை.

"வெதச்சாச்சுங்க. கண்ணுக்குத் தெரியாது, கைய வச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

கொஞ்ச நேரத்தில் என் போன் திரை முழுக்க அவருடைய உள்ளங்கை தெரிந்தது.